வாழ்க்கைக் கணக்கில் வாழ்க்கை எங்கே?

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தமக்கை மகளின் கணக்கு ஏட்டைச் சென்ற மாதம் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அதில் ஒரு கணக்கு: "முருகனிடம் 12 நெல்லிக்காய்கள் உள்ளன. இது வள்ளியிடம் உள்ளதைவிட 5 அதிகம் எனில், வள்ளியிடம் உள்ள நெல்லிக்காய்கள் எத்தனை?" அதன் கீழே 12 + 5 = 17 என்று முத்து முத்தான கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். ஏன் தவறு என்று ஒரு சொல் இல்லை.

"ஏன் பாப்பா கூட்டினே?" என்று கேட்டேன்.

"அதிகம்னு வந்தா கூட்டணும் மாமா. குறைவுன்னு வந்தா கழிக்கணும்."

ஏட்டை மூடிவிட்டு வேறு விதமாகக் கேட்டேன். "உன்கிட்ட 12 நெல்லிக்காய் இருக்கு. தம்பிகிட்ட இருக்கிறதைவிட உனக்கு அஞ்சு அதிகம். அப்ப யாருக்குக் குறைச்சல்?" கேள்வியை முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. "தம்பிக்குத்தான். அவனுக்கு ஏழு. அழுவான்!"

கணக்கு அதே கணக்கு. குழந்தையும் அதே குழந்தை. பேச்சில் சரியாக வந்தது ஏட்டில் எப்படித் தவறிற்று? பாடநூல்களில் 'வாழ்க்கைக் கணக்குகள்' என்று நாம் அழைத்துவரும் பகுதியைப் பற்றிய என் குறைபாடு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

முதலில் அந்தக் குறுக்குவழியைப் பார்ப்போம். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'ஒவ்வொரு' என்றால் பெருக்கு, 'சமமாக' என்றால் வகு. உரைநூல்களிலும் டியூஷன் வகுப்புகளிலும், சில பள்ளிகளில் சுவரில் தொங்கும் அட்டைகளிலும் இதனைக் காணலாம். இது பயன்படாத முறை என்று சொல்ல மாட்டேன். பத்துக்கு ஏழு எட்டு முறை பயன்படும். அதுவே இதன் ஆபத்து. "கூடையிலிருந்து 15 மாம்பழங்களை விற்றபின் மீதி 22 இருந்தன, முதலில் எத்தனை இருந்தன?" என்று கேட்டால் 'மீதி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும். சொல்லைப் பார்த்தவன் 7 என்பான். கூடையைப் பார்த்தவன், விற்பதற்குமுன் கூடையில் 22-க்கும் குறைவாக எப்படி இருந்திருக்கும் என்று தானே நின்றுவிடுவான். அப்படி நிற்பதைத்தான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். குறுக்குவழியோ நிற்காமல் ஓடக் கற்றுக்கொடுக்கிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் தனிக்குறை என்று எண்ண வேண்டாம். 1980-ல் பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேருக்கு அவர்கள் கொடுத்த கணக்கு இதுதான்: "ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 76 குழந்தைகள், கொடுக்கப்பட்ட எண்களைக் கொண்டு ஒரு விடையைக் கணக்கிட்டுத் தந்துவிட்டனர்! எங்கள் செஞ்சியின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் இக்கேள்வியை யாரிடமேனும் கேட்டுப் பாருங்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எட்டு வயதுப் பையன்கூடச் சிரிப்பான். அதே பையனை வகுப்பில் உட்காரவைத்து, ஏட்டில் எழுதிக் கேட்டால் 36 என்று எழுதமாட்டான் என்பதற்கு நான் உறுதி கூறமாட்டேன். 'பள்ளியில் கேட்ட கணக்குக்கு விடை இருந்தே தீரும்; கொடுத்த எண்களை எல்லாம் பயன்படுத்தியே தீரவேண்டும்' என்ற எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அதனைக் குழந்தை வெகு விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நாடு தழுவிய தேர்வொன்றில் 13 வயது மாணவர்களுக்கு வந்த கணக்கும் புகழ்பெற்றது. ஒரு பஸ்ஸில் 36 படைவீரர்கள் போகலாம். 1128 பேருக்கு எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 70 பேர். ஆனால் 32 என்று சரியான விடை தந்தவர்கள் 23 பேர்தான். 29 பேர் '31 மீதி 12' என்று எழுதினர். 18 பேர் 31 என்றே விட்டுவிட்டனர். பன்னிரண்டு வீரர்கள் சாலையில் நின்றுகொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பன்னிரண்டு வீரர்களை நான் ஆண்டுதோறும் என் வகுப்பில் சந்திக்கிறேன். தரையிலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறியப்பட்ட கல் 5 நொடி கழித்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டால், முதலாண்டு பி.எஸ்ஸி. மாணவர் பலர் வாய்பாட்டில் எண்களைப் போட்டு −25 மீட்டர் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிடுகின்றனர். (புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்க.) கல் நான்காவது நொடியிலேயே தரைக்கு வந்துவிட்டது. அது பூமியைத் துளைத்துக்கொண்டு 25 மீட்டர் கீழே போனதாக எழுதுகிறோமே என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை. இவர்கள் மந்தமானவர்கள் அல்லர். வயல்வேலையும் கடைவேலையும் பார்த்துக்கொண்டே படித்து வருபவர்கள். புதிய கணக்கைக் கண்டதும், "எந்த ஃபார்முலா சார்?" என்பது இவர்களுடைய முதற்கேள்வி. ஐந்தாம் வகுப்பில் 'அதிகம்' என்ற சொல்லைத் தேடிய கண் இப்போது வாய்பாட்டைத் தேடுகிறது.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் 'கமிட்டி'க்கு, நெல் மூட்டைகளோடு வருபவர்களைக் கவனியுங்கள். 75 கிலோ மூட்டை 1,500 ரூபாய்க்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 23 மூட்டைக்கு எவ்வளவு? தாளும் பேனாவும் இல்லாமல், "பத்துக்குப் பதினஞ்சாயிரம், இருபதுக்கு முப்பது, மூணுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு" என்று கணக்கு வாயிலேயே ஓடும். இது பெருக்கல்தான். பள்ளியில் கற்றுத்தந்த பெருக்கல் அன்று, அவ்வளவே.

1985-ல் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் நுனேஸ், கராஹர், ஷ்லீமன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்தே காட்டிற்று. தெருவில் தேங்காய் முதலியன விற்கும் ஐந்து சிறுவர்களிடம் முதலில் வாடிக்கையாளரைப் போலவே விலை கேட்டனர்: நூற்றுக்கு 98.2 விடைகள் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் கொடுத்தனர். வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 தான் சரி. 12 வயதுச் சிறுவன் ஒருவன் 35 குரூசேரோ விலையில் நான்கு தேங்காய்க்கு, மூன்றுக்கு 105, இன்னும் ஒரு 35 சேர்த்தால் 140 என்று சரியாகச் சொன்னான். அவனே தாளில் 35 × 4 = 200 என்று எழுதினான்! நாலைந்து இருபது, கையில் இரண்டு, அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, நான்கால் பெருக்கிவிட்டான். தேங்காயில் 200 வந்திருந்தால் அவனே ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.

இவ்வாய்வில் மூன்றாவது எண் ஒன்று உண்டு. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். கதையாகச் சொல்லிக் கேட்ட கணக்குகளில் அவர்கள் பெற்றது 73.7. வெறும் எண்ணைவிட இரு மடங்கு! ஆகவே 'வாழ்க்கைக் கணக்கு கடினம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்' என்று பயிற்சியின் இறுதிக்கு அதைத் தள்ளும் நம் வழக்கம் ஐயத்துக்குரியது.

நம் நாட்டுச் சான்றும் இப்போது கிடைத்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களையும், வேலைக்குப் போகாத 471 பள்ளி மாணவர்களையும் அவர்கள் சோதித்தனர். சந்தைச் சிறுவர்கள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டனர். பாடநூல் வடிவில் வந்தபோது திணறினர். பள்ளி மாணவர்களோ பாடநூல் கணக்கில் அவர்களைவிடத் தேறினர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு கரைகள் இருக்கின்றன, நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலமாக இருக்க வேண்டியது வாழ்க்கைக் கணக்கு அன்றோ?

ஏன் அது பாலமாகவில்லை? மொழி ஒரு காரணம். 'எனில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கணக்குப் புத்தகங்களில் இச்சொல் பக்கத்துக்குப் பத்து முறை வரும். கணக்குக்கு வெளியே எந்தக் குழந்தையாவது இதனைக் கேட்டிருக்குமா? என் மருமகளிடம் பொருள் கேட்டேன். "அதுக்கப்புறம் கேள்வி வரும்னு அர்த்தம்" என்றாள். அவள் சொன்னது ஒரு வகையில் சரியே! 'மூன்று மடங்கு அதிகம்' என்பது இன்னும் மோசம். பத்தின் மூன்று மடங்கு அதிகம் முப்பதா, நாற்பதா என்று ஆசிரியர்களே வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். 2018-ஐ அடுத்து வந்த நம் மாநிலப் புதிய பாடநூல்கள் படங்களாலும் செயல்பாடுகளாலும் எவ்வளவோ முன்னேறியவை, ஐயமில்லை. ஆயினும் 'எனில்' போகவில்லை.

இனி, எதிர்ப்பு வரக்கூடிய ஓரிடத்துக்கு வருகிறேன். 'பழந்தமிழர் வாழ்க்கையோடு ஒட்டிக் கணக்குக் கற்றனர். கணக்கதிகாரத்துக்குத் திரும்பினால் போதும்' என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். காரிநாயனார் இயற்றிய அந்நூல் அருமையானதே. நிலம், பொன், நெல் என்று வேலையோடு பிணைந்த கணிதம் அது. ஆனால் மேடையில் எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது பலாச்சுளைக் கணக்கு: காம்பின் அருகிலுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்குமாம். கைதட்டல் எழுகிறது. பழத்தை அறுத்துப் பார்த்தவர் யார்?

பலாப்பழம் ஒரு தனிப்பழம் அன்று. ஒரே காம்பில் நெருங்கிய எத்தனையோ பூக்கள் சேர்ந்து ஆன கூட்டுப்பழம். மேலேயுள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் அடையாளம். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சடையாகத் தங்கிவிடுகிறது. எத்தனை பூக்கள் கருவுறும் என்பது மகரந்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. காம்பருகே உள்ள முட்களுக்கு அது தெரியாது. எனவே எல்லாப் பழத்துக்கும் ஒரே விகிதம் இருக்கக் காரணம் இல்லை. பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் பத்துப் பழங்களை எண்ணி, அறுத்து, மீண்டும் எண்ணிப் பட்டியலிட்டால் அது நல்ல வகுப்பு. மனப்பாடம் செய்து கைதட்டினால், 'அதிகம் என்றால் கூட்டு' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அந்நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒந்தியின் கணக்கு. 32 முழப் பனைமரத்தில் ஓர் ஒந்தி நாளொன்றுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் சறுக்குகிறது. எத்தனை நாளில் உச்சியை அடையும்? முழத்துக்கு இரண்டு சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரல். மரம் 768 விரல்; ஒரு நாள் ஏற்றம் நிகரம் 8 விரல்; வகுத்தால் 96 நாள். கடைசி நாளில் உச்சியை எட்டியபின் சறுக்கலைக் கணக்கில் சேர்க்கக்கூடாதே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 95 நாள் முடிவில் ஒந்தி 760-ஆம் விரலில் இருக்கும். 96-ஆம் நாள் எட்டு விரல் ஏறியதுமே உச்சி. விடை மாறவில்லை. "அப்ப சும்மா வகுத்தாலே போதுமா சார்?" என்றாள் அவள்.

எண்ணை மாற்றிக் கொடுத்தேன். நாளொன்றுக்கு எட்டு விரல் சறுக்குகிறது. வகுப்பில் பாதிப்பேர் 768-ஐ நான்கால் வகுத்து 192 என்றனர். அந்த மாணவி எழுதவே இல்லை. கரும்பலகையில் ஒரு பனைமரத்தை வரைந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பன்னிரண்டு விரலுக்கு ஒரு கோடு போட்டாள். 189 நாள் முடிவில் ஒந்தி அந்தக் கோட்டில், 756-ஆம் விரலில் இருக்கிறது. மறுநாள் ஒரு சாண் ஏறினால் உச்சி. 190.