தேடுசொல் திட்டமிடலும் நெய்தல் வழக்கும்: தூத்துக்குடி முத்துக்குளித்துறையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இணையதள உள்ளடக்கத்தைத் தேடுபொறிக்கு ஏற்பத் திட்டமிட உதவும் மென்பொருள் கருவிகள், மக்கள் தட்டச்சு செய்யும் சொற்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. எது மிகுதியாகத் தேடப்படுகிறதோ அதுவே எழுதத்தக்கது என்னும் முடிவுக்கு அவை எழுதுவோரை இட்டுச் செல்கின்றன. இம்முறை தமிழுக்கும், குறிப்பாகத் தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் தொழில் வழக்குக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சொல்வடிவப் பெருக்கம், பல பொருள் ஒருசொல், நாடுவாரித் தரவுப் பிரிப்பு, அடைமொழியின் ஆதிக்கம் ஆகிய நான்கு நிலைகளில் கருவிகள் தவறிழைப்பதை எடுத்துக்காட்டி, களவழக்கை முன்னும் கருவியைப் பின்னும் வைக்கும் திட்டமிடல் வரிசை ஒன்றை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: தேடுசொல், உள்ளடக்கத் திட்டமிடல், முத்துக்குளித்துறை, திசைச்சொல், நெய்தல், ஒருங்குறி.

முன்னுரை

ஓர் ஊரைப் பற்றி அறிய விழைவோர் இன்று முதலில் நாடுவது தேடுபொறியை. அங்கு முதற்பக்கத்தில் தோன்றும் கட்டுரைகளே அவ்வூரின் வரலாறாகவும் வாழ்வாகவும் ஏற்கப்படுகின்றன. அக்கட்டுரைகளுள் பல, எழுதப்படுவதற்கு முன்னரே மென்பொருள் கருவிகளால் திட்டமிடப்படுகின்றன. எந்தத் தலைப்பில் எழுதுவது, எந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பது, எத்தனை உட்தலைப்புகள் அமைப்பது என்பனவற்றைக் கூகுள் நிறுவனத்தின் கீவேர்ட் பிளானர், செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கருவிகள் பரிந்துரைக்கின்றன.

கொற்கையின் முத்துச் சிறப்பைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. எரித்திரேயக் கடல் பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கப் பயணநூலும் அதனைக் குறிக்கிறது. அத்துறையின் வழித்தோன்றலான தூத்துக்குடியைப் பற்றிய தமிழ் உள்ளடக்கம் இக்கருவிகளின் வழி திட்டமிடப்படும்போது எவை எழுதப்படுகின்றன, எவை விடுபடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா. தேடல் எண்ணிக்கைகள் மாதந்தோறும் மாறுவன. ஆதலின் எண்களை ஒப்பிடாமல், அவ்வெண்கள் உருவாகும் முறையும் தமிழின் இயல்பும் முரண்படும் இடங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

கருவிகள் அளப்பது யாது?

கீவேர்ட் பிளானர் எழுத்தாளருக்காக உருவாக்கப்பட்டதன்று, விளம்பரதாரருக்காக உருவாக்கப்பட்டது. அதில் காணப்படும் 'போட்டி' என்னும் அளவு, ஒரு சொல்லுக்கு விளம்பரம் தர எத்தனை பேர் முனைகின்றனர் என்பதையே சுட்டுகிறது. அச்சொல்லைப் பற்றி எத்தனை தரமான கட்டுரைகள் உள்ளன என்பதை அது சுட்டுவதில்லை. இதனை அறியாமல், போட்டி குறைந்த சொல் எழுதுவதற்கு எளியது எனக் கொள்வது பரவலான பிழை.

விளம்பரத்திற்குப் போதிய தொகை செலவிடாத கணக்குகளுக்கு இக்கருவி துல்லிய எண்ணைத் தருவதில்லை. 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என வீச்சுகளாகவே தருகிறது. மாதம் 12 பேர் தேடும் சொல்லும் 95 பேர் தேடும் சொல்லும் ஒரே படியில் நிற்கும். வணிகப் பொருள்களைத் திட்டமிடுவோருக்கு இது பெருங்குறை அன்று. வட்டாரத் தொழிற்சொற்களோ பெரும்பாலும் அந்த அடிப்படியிலோ அதற்குக் கீழோ இருப்பவை. அங்குதான் கருவியின் பார்வை மங்குகிறது.

இரண்டாம் வகைக் கருவிகள், தேடலில் முன்னிற்கும் பக்கங்களை ஒப்பிட்டு, அவற்றில் பொதுவாக வரும் சொற்களைப் புதிய கட்டுரையிலும் சேர்க்கப் பரிந்துரைத்து மதிப்பெண் வழங்குகின்றன. முன்னிற்கும் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை எனில், அவற்றின் பிழையும் பொதுச்சொல்லாகி மதிப்பெண் பெறும். அவற்றில் இல்லாத புதுச்செய்தி மதிப்பெண் பெறாது. ஆய்வுநெறிக்கு நேர்மாறான இயக்கம் இது.

ஓர் ஊர், பல வடிவங்கள்

தமிழ் ஒட்டுநிலை மொழி. தூத்துக்குடி, தூத்துக்குடியில், தூத்துக்குடிக்கு, தூத்துக்குடியின், தூத்துக்குடியிலிருந்து என ஒரே பெயர் உருபேற்று விரிகிறது. 'முத்துக்குளித்தல்' என்னும் சொல் சேர்த்தும் பிரித்தும், ஒற்று மிக்கும் மிகாமலும், 'முத்துக்குளிப்பு' என வேறு ஈறு பெற்றும் எழுதப்படுகிறது. நெருங்கிய வடிவங்களை ஒன்றாகத் தொகுக்கும் வசதி கருவிகளில் இருப்பினும், உருபும் சாரியையும் புணர்ச்சியும் தரும் வடிவங்கள் அனைத்தும் ஒரே சொல்லாகத் தொகுக்கப்படும் என எதிர்பார்க்க இயலாது. ஒரு கருத்தின் மீதான ஆர்வம் பல வடிவங்களாகச் சிதறி, ஒவ்வொன்றும் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது.

உரோமன் எழுத்திலும் இச்சிக்கல் உண்டு. தமிழைப் பலர் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்கின்றனர். ஊரின் பெயரோ 'டூட்டிகோரின்' என்னும் காலனியக் கால வடிவிலும், தமிழ் ஒலிப்பைத் தழுவிய வடிவிலும் வழங்குகிறது. தமிழக ஊர்ப்பெயர்கள் 1,018-இன் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூன் மாதத்தில் வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தூத்துக்குடியும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. எழுத்துக்கூட்டலில் ஒருமை எட்டப்படாத ஊருக்குத் தேடல் எண்ணும் ஒன்றாக இருத்தல் அரிது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முத்துச்சிப்பி ஆய்வுகள் பெரிதும் பழைய வடிவத்திலேயே ஊரைக் குறிக்கின்றன. மிகுதியாகத் தேடப்படும் ஒரு வடிவத்தை மட்டும் பற்றிக்கொண்டு திட்டமிடுவோர் அவ்வாய்வுகளைக் காணாமலேயே முத்தைப் பற்றி எழுத நேர்கிறது.

திசைச்சொல்லும் தேடல் எண்ணும்

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்துகிறது. ஒரு நிலப்பகுதிக்கே உரிய சொல்லையும் செய்யுளுக்குத் தகுதியுடையதாக ஏற்றமை இப்பகுப்பின் சிறப்பு. தேடுசொல் கருவியிடம் இந்தப் பகுப்பு இல்லை. அதற்குத் தெரிந்த வேறுபாடு மிகுதி, குறைவு என்பதே.

முத்துக்குளித்துறையின் சொற்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்கலாம். கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டு 'பார்' எனப்படும். தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. முத்துக்குளிப்பு நடைபெறும் பருவமும் நிகழ்வும் 'சலாபம்'. ஆங்கிலேயர் காலச் சலாபங்களில் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டு அமர்த்தப்பட்டவர் 'கடற்கட்டி'. தென்மேற்குப் பருவத்தின் காற்று 'கச்சான்', வடக்கிலிருந்து வருவது 'வாடை', கீழைக்காற்று 'கொண்டல்'. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரக்கலம் 'தோணி'.

கருவியில் 'பார்' என உள்ளிட்டால், 'காண்' என்னும் பொருள்தரும் ஏவல்வினையும் மதுக்கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கலந்த எண்ணே கிடைக்கும். சிப்பித் திட்டு அதில் மூழ்கிவிடும். 'வாடை' பொதுவழக்கில் நாற்றம். 'தோணி' ஓரெழுத்துப் பிழையால் மட்டைப்பந்து வீரர் தோனியின் பெயரோடு கலக்கும். 'முத்துநகர்' என்பது சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் விரைவு ரயிலின் பெயருமாகும். ஊர் வரலாறு தேடுபவரும் ரயில் நேரம் தேடுபவரும் அச்சொல்லில் ஒன்றாகவே எண்ணப்படுவர். மயக்கமற்ற சொல்லான 'கடற்கட்டி'யின் நிலை வேறு. அதனைத் தேடுவோர் மிகச் சிலராயின் கருவி அதற்கு எண்ணே காட்டாது. ஆக, பல பொருள் உடைய சொல் பொய்யான பெருக்கத்தாலும் ஒரு பொருள் உடைய சொல் எண்ணின்மையாலும் திட்டத்திலிருந்து விலக்கப்படுகின்றன.

இச்சொற்கள் வாழ்வதற்கு இடமில்லாமல் இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய புதினங்கள் இக்கடற்கரையின் பேச்சை அச்சுக்குக் கொண்டுவந்தன. 'கொற்கை' 2013-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அச்சுலகம் ஏற்று மதித்த வழக்கு, இணைய உள்ளடக்கத் திட்டத்தில் மட்டும் 'தேவையற்ற சொல்' ஆகிவிடுகிறது.

இரு கரையும் இரு தரவுத்தளமும்

மன்னார் வளைகுடாவின் முத்துத் தொழில் ஒரு கரைக்கு உரியதன்று. மேற்கே தூத்துக்குடியும் கிழக்கே இலங்கையின் அரிப்பு, சிலாவத்துறைப் பகுதிகளும் ஒரே கடலின் சலாபக் களங்கள். செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கருவிகளோ தேடுசொற்களை நாடுவாரியாகத் தொகுக்கின்றன. கீவேர்ட் பிளானரில் இரு நாடுகளையும் ஒருங்கே தேர்ந்தெடுக்க இயலும். இந்தியாவை மட்டும் தேர்ந்தெடுத்துத் திட்டமிடுவோருக்கு அக்கரையின் வினாக்கள் தெரியவே போவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும் தானே தீர்வாகிவிடாது. இலங்கைத் தமிழில் 'கச்சான்' நிலக்கடலையையும் குறிக்கும். தூத்துக்குடி மீனவரின் காற்றும் யாழ்ப்பாணத்துக் கடலையும் கருவியின் கணக்கில் ஒன்றே. எந்த எண் எப்பொருளுக்கு உரியது எனப் பிரித்தறிய மொழியறிவு வேண்டும். அவ்வறிவு உடையவர் திட்டமிடும் குழுவில் இல்லையெனில் எண் வழிகாட்டுவதற்கு மாறாக வழிமாற்றும்.

முத்துநகர் என்னும் அடைமொழி

தூத்துக்குடியை 'முத்துநகர்' என அழைப்பது வழக்கம். இந்தியக் கரையில் இயற்கை முத்துக்காகப் பெருமளவில் நிகழ்ந்த சலாபம் 1961-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1986-இல் 21 தீவுகளை உள்ளடக்கி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. சங்குகுளிப்போர் இன்றும் கடலில் இறங்குகின்றனர், உப்பளங்களில் பல்லாயிரவர் உழைக்கின்றனர், வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகம் இயங்குகிறது.

அடைமொழியைத் தேடுசொல்லாகக் கொண்டு எழுதப்படும் கட்டுரை, பெயர்க்காரணம், முத்தின் பெருமை, காணவேண்டிய இடங்கள், செல்லும் வழி என விரிவது இயல்பு. இவ்வமைப்பில் 1961 என்னும் ஆண்டுக்கு இடமில்லை. முத்துக்குளிப்பு இன்றும் நடப்பது போன்ற தோற்றமே எஞ்சும். குளியாட்கள் சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெற, எஞ்சியவை அரசின் பெயரால் ஏலம் விடப்பட்ட காலனியக் காலப் பங்கீட்டு முறை பேசப்படாது. முத்துக்குளிப்பு நின்றபின் குளியாட்கள் என்னவாயினர் என்னும் வினாவும் எழாது. யாரும் கேளாத வினாவைக் கருவி காட்டாது. கருவி காட்டாததை எழுதுவோர் எழுதார். எழுதப்படாததைப் படிப்போர் கேட்க அறியார். இந்தச் சுழற்சியால் இழப்புறுவது உழைத்தோரின் வரலாறு.

கருவியின் பயனும் ஆய்வுலகின் பொறுப்பும்

குறை முழுவதையும் கருவியின் மேல் ஏற்றுவது முறையாகாது. படிப்போர் எச்சொல்லால் வினவுகின்றனர் என அறிவது எழுதுவோரின் கடமை. அதற்குக் கருவி உதவுகிறது. 'முத்துக்குளித்துறையின் சமூகப் பொருளியல்' எனத் தலைப்பிடும் ஆய்வாளர், 'முத்துக்குளிப்பு ஏன் நின்றது' என வினவும் மாணவரைச் சென்றடைவதில்லை. அவ்விரண்டையும் இணைக்கத் தேடுசொல் அறிவு தேவை.

தமிழாய்வுகள் பல நெடுங்காலம் பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் உருவாக்கப்பட்டன. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றபின்னும் பழைய கோப்புகள் பல மாற்றப்படாமல் உள்ளன. திரையில் தமிழாகத் தெரியும் அவற்றைத் தேடுபொறியால் தமிழாகப் படிக்க இயலாது. களஆய்வால் திரட்டிய நெய்தற்சொற்கள் அக்கோப்புகளில் அடைபட்டிருக்கும் வரை, இணையத்தில் அவை இல்லாதவையே. கருவி காணத் தவறியவற்றுள் ஒரு பகுதி, ஆய்வுலகம் காட்டத் தவறியது.

திட்டமிடலுக்கு ஒரு மாற்று வரிசை

நடைமுறையில் உள்ள வரிசை தேடுசொல்லில் தொடங்கித் தலைப்புக்கும், அங்கிருந்து செய்திக்கும் செல்கிறது. இதனைத் தலைகீழாக்குவது பயன் தரும்.

முதலாவதாக, களத்திலும் நூல்களிலும் உள்ள வழக்குச்சொற்களைத் தொகுத்தல். பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், மக்கள் பேச்சைக் கேட்டே தமிழுக்கு இலக்கணம் வகுத்தார்; 1578-இல் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிப்பயிற்சியின் விளைவு. எழுதுவதற்கு முன் கேட்டல் என்னும் அந்நெறி இன்றும் பொருந்தும்.

இரண்டாவதாக, தொகுத்தவற்றை முதல், கரு, உரி என்னும் பகுப்பில் அடுக்குதல். பாரும் பருவமும் முதற்பொருளிலும், சிப்பி, சங்கு, உப்பு, தோணி, தொழில் ஆகியன கருப்பொருளிலும், பிரிவும் காத்திருப்பும் இழப்பும் உரிப்பொருளிலும் அமையும். எண் குறைந்த சொல்லும் இவ்வமைப்பில் தனக்குரிய இடம் பெறும்.

மூன்றாவதாக, கருவியை நாடுதல். ஒவ்வொரு தலைப்புக்கும் பொதுமக்கள் வழங்கும் சொல் எது எனக் கண்டு, அதனைத் தலைப்பிலும் முதற்பத்தியிலும் வைத்து, அதனருகே வழக்குச்சொல்லை விளக்கத்தோடு தரலாம். 'முத்துக்குளிப்பு' எனத் தேடிவருபவர் 'சலாபம்' அறிந்து செல்வார். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைக் கட்டுரைக்குள் ஒருமுறை குறித்தல் போதும். திரும்பத் திரும்பத் திணித்தல் வேண்டா. தேடுசொற்களுக்கென ஒதுக்கப்படும் மறைமுகக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது; மனிதருக்காக எழுதப்படும் உள்ளடக்கத்தை முன்னிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது. ஆகவே இவ்வரிசை தேடுபொறியின் நெறிக்கும் முரணானதன்று.

முடிவுரை

தேடுசொல் கருவிகள் படிப்போரின் வினாவை அறிய உதவுவன; ஒரு நிலத்தின் மொழியை மதிப்பிடும் அளவுகோல் ஆகா. தமிழின் வடிவப் பெருக்கமும், திசைச்சொற்களின் பொருள் மயக்கமும், இரு கரைத் தரவுப் பிரிப்பும், அடைமொழியின் ஆதிக்கமும் சேர்ந்து, முத்துக்குளித்துறையின் உழைப்பு வரலாற்றை இணையப் பரப்பிலிருந்து விலக்குகின்றன. தமிழ்த்துறைகள் தம் வட்டாரத் தொழிற்சொல் தொகுப்புகளை ஒருங்குறியில் வெளியிடுவதும், பழைய ஆய்வுக் கோப்புகளை மாற்றுவதும், உள்ளடக்கத் திட்டமிடலை மொழித்தொழில்நுட்பப் பாடத்தில் சேர்ப்பதும் உடனடித் தேவைகள். உப்பளச் சொற்கள், துறைமுகச் சொற்கள், சங்குகுளிப்போரின் இன்றைய வழக்கு ஆகியவற்றை இதே நோக்கில் தனித்தனியே ஆராய இடமுண்டு.