பேஸ் டிரம் பையன் கட்சி

பள்ளி பேண்டில் வாசித்த பழைய மாணவர்கள் கூடினால் பேச்சு இரண்டு பேரைத்தான் சுற்றும். மேஸைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போனவர் ஒருவர், சைடு டிரம்மில் உருட்டி எடுத்தவர் இன்னொருவர். பியூகிள்காரர்களுக்கும் உதடு வீங்கிய கதை, கருவியைப் புளி போட்டுத் தேய்த்த கதை என்று ஏதாவது இருக்கும். பேஸ் டிரம் அடித்தவனைப் பற்றிக் கேட்டால், “அவனா, முரடன். யாரையும் பார்க்காமல் அடிப்பான்” என்று முடித்துவிடுவார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவே மாட்டேன். அப்படிப் பார்க்காமல் அடிப்பதுதான் மைதானத்தில் எடுக்கிற முடிவுகளிலேயே கடினமானது.

கணக்கைப் பாருங்கள். வேக நடைக்கு நிமிடத்துக்கு 120 அடி. அதாவது ஓர் அடிக்கு அரை விநாடி. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 400 மீட்டர் ஓடுதளத்தின் நடுவில் பேண்ட் நின்றால், வளைவின் கோடியில் வரும் அணி ஏறக்குறைய 80 மீட்டர் தள்ளி இருக்கும். இடது காலுக்கென்று விழுகிற அடி அவர்கள் காதுக்குப் போய்ச் சேர கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். அவர்கள் சரியாகத்தான் நடக்கிறார்கள். ஆனால் டிரம் பையன் கண்ணுக்கு அரை அடி பிந்தி நடப்பதாகத் தெரியும்.

இங்கேதான் சோதனை. ‘பாவம், பின்தங்குகிறார்களே’ என்று அவன் கையைத் தாமதித்தால், அந்தத் தாமதமும் சேர்ந்தே அவர்களைப் போய்ச் சேரும்; அவர்கள் இன்னும் பிந்துவார்கள். அதைப் பார்த்து மறுபடி தாமதித்தால் இரண்டே சுற்றில் நடை நொண்டும். அதற்குள் முன்னால் போகிற அணி அவனைத் திட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கும்போது யாருக்காகத் தாளத்தை மாற்றுவது? யாருக்காகவும் மாற்றக் கூடாது. கால்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே ஓடும் எண்ணிக்கையை நம்ப வேண்டும்.

இந்த ஆண்டு விளையாட்டு விழாக்களில் என் கண் ஒரு பையன் மேலேயே இருந்தது. ஒல்லியான உடம்பு, டிரம்முக்கு மேலே முகம் மட்டும் தெரிகிறது. மேடையருகே கைதட்டல் எழுந்ததும் சைடு டிரம்கள் ஓடத் தொடங்கின. எந்தப் பள்ளியிலும் நடக்கிற வழக்கம் இது. பியூகிளில் ஒருவனுக்கு உதடு தளர்ந்து சுரம் பிசகியது. வால்வு இல்லாத கருவி, எல்லாம் உதட்டின் வேலை. இரு தரப்பையும் துரத்தாமல், வலது மணிக்கட்டை ஒரே உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இடது காலுக்கே போட்டுக்கொண்டிருந்தான் அவன். எட்டு அடிக்குள் சைடு டிரம்கள் அவனிடம் திரும்பி வந்தன. இசை முடிகிறது என்று பேண்டுக்குச் சொல்லும் இரட்டை அடியும் அதே நிதானத்தில் விழுந்தது. பரிசு என்னவோ மேஸ்காரருக்குப் போனது!

இனி என் கணிப்பு. பாரம் சுமப்பான் என்று வகுப்பிலேயே பருத்த பையனின் தோளில் பேஸ் டிரம்மை மாட்டுகிற பள்ளிகள் அடுத்த போட்டியிலும் மேடைக்கு முன்னால்தான் தடுமாறும். காதை வைத்து ஆள் எடுக்கும் பள்ளிகள் ஜெயிக்கும், அவற்றின் சீருடை சுமாராக இருந்தாலும். பேண்டையே விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஒலிபெருக்கி கட்டும் பள்ளிகளுக்கு இன்னும் மோசம்: அருகிலிருக்கும் பெட்டி ஒரு நேரத்தில் அடிக்கும், எதிர்ப்பக்கப் பெட்டி இன்னொரு நேரத்தில் கேட்கும், கால்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அந்த ஒல்லிப் பையன் அடுத்த ஆண்டும் டிரம்மோடு நின்றால் கோப்பை அவன் பள்ளிக்குத்தான். பி.டி. மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவனை மட்டும் சைடு டிரம்முக்கு ‘உயர்த்தி’விடாதீர்கள்.