ஔவை பாடிய தாயும் சுரந்த பாலும்

மறக்குடித் தாயரைப் பாடும் புறப்பாட்டுக்கள் பல. அவற்றுள் ஔவையார் பாடிய 295 ஆம் புறநானூற்றுப் பாட்டுத் தனித்து ஆராயற்பாலது. பகைவர் படையைப் பிளந்து முன்சென்ற வீரனொருவன் பலவாறு வெட்டுண்டு வீழ்ந்து கிடக்கின்றான். புறங்கொடாத அவன் பெருமையைக் கண்ட தாய்க்கு, வற்றித் தளர்ந்த மார்பகத்தே மீண்டும் பால் ஊறிச் சுரக்கின்றது. பாட்டு அவ்வளவில் நின்றுவிடுகின்றது.

இதன் துறை உவகைக் கலுழ்ச்சி. உவகையாற் கண்ணீர் சொரிதல் என்பது அதன் பொருள். இதே துறையமைந்த 277 ஆம் பாட்டிலே பூங்கணுத்திரையாரின் முதியவள் கண்ணீர் உகுக்கின்றாள். ஔவையின் தாயோ அழவில்லை. கண்ணீர் பெருக வேண்டிய இடத்திலே பால் பெருகுகின்றது. உ. வே. சாமிநாதையர் 1894 இற் பதிப்பித்த புறநானூற்றிற்குக் கிடைத்த பழையவுரை 266 ஆம் பாட்டோடு நின்றுவிட்டமையின், இம்மாற்றத்தின் கருத்தைக் கற்போரே ஆய்ந்து காணவேண்டியதாயிற்று.

பால் சுரந்ததெனல் வெறும் உயர்வுநவிற்சி என்பார் ஒரு சாரார். மருத்துவ நூலோ, கருவுறாத மகளிர்க்கும் பால் சுரத்தல் உண்டெனக் கூறும். அத்தகையார்க்கு மாதவிடாய் நின்றுவிடும் என்ற குறிப்பு, கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலிலேயே உளது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வெளியிடும் புரோலக்டின் என்னும் சுரப்புநீர் மிகுதலே இதற்குப் பெரும்பான்மையான காரணம் என இக்காலத்தார் கண்டனர். அச்சுரப்பியில் தோன்றும் கட்டி, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனநோய்க்கும் வாந்திக்கும் வழங்கும் சில மருந்துகள் என்பன அம்மிகுதியை விளைக்கும். எனவே, மணமாகாத பெண்ணொருத்திக்குப் பால் கசியின், அவள் ஒழுக்கத்தை ஐயுறுதல் அறியாமை. மருத்துவரை நாடுதலே கடன்.

பால்குடி மறந்த பின்னரும், குழந்தை பன்னாள் தொடர்ந்து சுவைத்துவரின் பால் மீளச் சுரத்தலும் கூடும். மாத்தளை உள்ளிட்ட கண்டிச் சீமையிலே சிங்கள மக்கள் பாட்டியைக் 'கிரி அம்மா', அஃதாவது பாலம்மா, என அழைப்பர். முதுமையும் பாலும் ஒரு சொல்லிற் சேர்ந்து நிற்றல் கருதத்தக்கது.

எனினும், மருத்துவம் கொண்டு இப்பாட்டை மெய்ப்பிக்க முயல்வதும் பிழையே. நெடுநாள் வற்றிய மார்பகம் கண்ட அளவிலே சுரந்துவிடும் என மருத்துவம் கூறாது. உடலில் நிகழக்கூடிய ஒன்றைப் பற்றிக்கொண்டு, உடலால் இயலாத விரைவிலே அதனை நிகழ்த்துகின்றார் புலவர். அவ்விரைவு தாயுள்ளத்தின் விரைவு ஆகும்.

இனி, பால் எதற்கு உரியது என வினவுதல் வேண்டும். கண்ணீர்க்குக் கொள்வோர் வேண்டா. பாலுக்கோ ஒரு வாய் வேண்டும். அவ்வாய் இப்பாட்டிலே மூடிக் கிடக்கின்றது. காளைப் பருவத்து வீரன் தாய் கண்ணுக்கு மீண்டும் மகவாகிவிட்டான், ஊட்டவோ இயலாது. துறை உவகை எனப் பெயர் சூட்டினும், சுரந்த பாலைக் கொள்வார் இல்லாத வெறுமை அவ்வுவகையினுள்ளே உறைந்து கிடக்கின்றது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஈழத்திற்கும் வந்து தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், வைசாலியிற் கேட்ட கதையொன்றை எழுதிவைத்தார். பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்டு வேற்று நாட்டில் வளர்ந்த ஆயிரம் மைந்தர், தந்தையின் நகர்மீதே படையெடுத்து வருகின்றனர். மதில்மேல் நின்ற தாய் தன் மார்பைப் பிழிய, பால் ஆயிரம் தாரையாய் அவர்தம் வாயிற் சென்று வீழ்கின்றது. தாயை அறிந்த மைந்தர் படைக்கலங்களைக் கீழே வைக்கின்றனர். அங்கே பால் போருக்கு முன்னர்ச் சுரந்தது, போர் ஒழிந்தது. ஔவையின் பாட்டிலோ போருக்குப் பின்னர்ச் சுரந்தது, பயன் இன்றாயிற்று.

அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்று போரைத் தவிர்க்க முயன்றவரும் ஔவையாரே என்பது 95 ஆம் பாட்டால் விளங்கும். அத்தகையவர் போரின் விலையை அறியாது பாடினார் எனல் பொருந்தாது. வீரத்தை அவர் மறைத்தாரல்லர்; அதன் அருகிலே தாயின் பாலையும் வைத்தார்.

2009 வரை நீண்ட போரிலே எண்ணிறந்த தாயர் மைந்தரை இழந்த நாடு இது. இங்கே இப்பாட்டைக் கற்பிப்போர், மறக்குடித் தாயின் பெருமிதம் என்ற ஒற்றைத் தொடரோடு அமைதல் போதாது. பெருமிதம் பாட்டில் உண்டு. அதனோடு, குடிப்பார் இன்றிச் சுரந்த பாலும் உண்டு. இரண்டையும் ஒருங்கே மாணவர்க்குக் காட்டுதலே ஔவையார்க்குச் செய்யும் நேர்மை ஆகும்.