சைரசின் பெயரால் ஓர் உரை

2003ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ஈரான் நாட்டு வழக்கறிஞர் ஷிரின் எபாதி அம்மையார் ஆஸ்லோ நகரில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று உரையாற்றினார். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், பெண் என்ற காரணத்தாலேயே நீதிபதிப் பதவியை இழந்தவர் அவர். அவ்வுரையில் தம்மை ஈரானியர் என்றும், பேரரசர் சைரசின் வழித்தோன்றல் என்றும் கூறினார். அதனை அடுத்தே தாம் முஸ்லிம் என்றும் கூறினார். இரண்டிற்கும் இடையே 'ஆயினும்' என்னும் சொல் இல்லை. உரையின் சிறப்பு இதுவே.

1971இல் ஷா மன்னர் பாரசீகப் பேரரசின் 2500ஆம் ஆண்டு விழாவெடுத்துப் பழம்பெருமையைத் தம் கொடியாக்கினார். பின்வந்த ஆட்சி சமயத்தைத் தன் கொடியாக்கிற்று. இரு கொடிகளின் கீழும் மாற்றுக் கருத்துடையோர் சிறைப்பட்டனர். அம்மையாரோ இரு மரபுகளையும் ஆள்வோரிடமிருந்து மீட்டுக் குடிமக்கள் கையில் கொடுக்க முயன்றார்.

எனினும் உரையில் ஒரு குறை உண்டு. மக்கள் விரும்பாவிடின் ஆளமாட்டேன் என்று சைரஸ் அறிவித்ததாக அவர் எடுத்துக்காட்டுகிறார். 1879இல் பாபிலோனில் கிடைத்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள களிமண் உருளையில் அவ்வாசகம் இல்லை. மர்துக் தெய்வத்தின் அருளால் பாபிலோனைக் கைக்கொண்டது, இடம்பெயர்க்கப்பட்ட தெய்வ உருவங்களைத் தத்தம் கோயில்களுக்கு மீட்டளித்தது போன்ற செய்திகளே அதில் உள்ளன. இவை பெருந்தன்மையான செயல்களே. ஆனால் மனித உரிமைச் சாசனம் ஆகா. மூலத்தில் இல்லாததை மூதாதையர் மேல் ஏற்றினால், எதிர்வழக்காடுவோர் அவ்வொரு பிழையைக் காட்டியே முழு வழக்கையும் தள்ளிவிடுவர்.

இது நமக்கும் உரிய பாடம். தமிழ் மரபும் இஸ்லாமிய நெறியும் ஒரே நெஞ்சில் இசைந்து வாழும் என்பதற்கு உமறுப் புலவரே சான்று. சீறாப்புராணத்தின் 5027 செய்யுட்களில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியவர், அரபு நாட்டுக்கே தமிழ் மருதத்தின் வளத்தை அளித்தார். இதனைச் சொல்ல மிகைக் கூற்று எதுவும் வேண்டியதில்லை. ஆனால் கணியன் பூங்குன்றனாரை உலகின் முதல் உரிமைச் சட்டம் வகுத்தவராகவே மேடைகளில் நிறுத்துகிறோம். பாட்டின் பொருளை உள்ளவாறு உணர்த்தினால் அதுவே போதிய பெருமை.

முன்னோர் புகழ் நமக்கு ஊக்கம் தரும். உரிமையோ மனிதராய்ப் பிறந்ததனால் வருவது. சைரசைப் பாட்டனாராகப் பெறாத கெர்லிங் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது முழுமையாக உண்டு.