பூங்கா நகரும் தோட்டக் குடிகளும்: குடியேற்ற ஆட்சியிற் கொழும்பு

கொழும்பின் நகரத் திட்ட வரலாற்றை எழுதுவோர், 1921 இல் பற்றிக் கெடிஸ் வகுத்த திட்டத்தினை முன்னிறுத்தி, கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்க அவர் கண்ட கனவைப் போற்றுவது வழக்கம். அக்கனவு எத்தகைய சமூக நிலத்தில் ஊன்றப்பட்டது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1870 ஆம் ஆண்டையொட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875 இல் துறைமுக அலைதடுப்பணையின் வேலை தொடங்கிற்று. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்பினூடாகவே கப்பலேறின. வசதி படைத்தோர் கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்குப் பெயர்ந்தனர். மூட்டை சுமந்தோரோ துறைமுகத்தை அண்டிய நெரிசலான வரிசைக் குடியிருப்புகளில் ஒதுங்கினர். அக்குடியிருப்புகளும் ‘தோட்டம்’ என்றே வழங்கலாயின. ஒரே சொல் இரு வர்க்கங்களின் வாழிடங்களைக் குறித்தமை நோக்கற்பாலது.

1914 இல் கொழும்பிற் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. வீதியின் அகலம், காற்று, வெளிச்சம், திறந்தவெளி ஆகியவற்றை அச்சட்டம் அளந்தது. இவை வேண்டாதவை என எவரும் கூறார். எனினும், தொழிலாளி ஏன் ஓர் அறையுள் அடைபட்டான் என்னும் வினாவுக்கு விடை அவனது கூலியிலும் வாடகையிலுமே இருந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1942 இலேயே வந்தது. நெருக்கடிக்கான காரணத்தை விடுத்து, அதன் தோற்றத்தையே அன்றைய சட்டம் திருத்த முற்பட்டது.

கெடிஸ் இதனை அறியாதவரல்லர். 1915 இல் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களை ஆராய்ந்த அவர், குடியிருப்புகளை முழுமையாக இடித்தொழிப்பதை எதிர்த்தார். இடிக்கப்பட்டோர் அயலிடங்களிற் குவிய நெரிசல் மேலும் பெருகும் என்பதும், இன்றியமையாத அளவே இடித்து எஞ்சியதைப் பேணல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. இந்நோக்கே அவரது மெய்யான பங்களிப்பாகும். ஆயின் கொழும்பிலே பெரிதும் நினைவுகூரப்படுவது அவரது பூங்காவே. மக்களைப் பெயர்க்காது நகரைத் திருத்தலாம் என்ற கொள்கையன்று. ஆளும் வர்க்கத்துக்கு உவப்பான பாதியே மரபாக நிலைத்தது எனலாம்.

1946 இல் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் அழகு, ஒழுங்கு என்னும் பெயரால் வறியோர் குடியிருப்புகள் அகற்றப்பட்டமை, அம்மரபு அறாது தொடர்ந்ததைக் காட்டும். எனவே ஒரு நகரத் திட்டத்தை மதிப்பிடுவோர், அது நட்ட மரங்களோடு பெயர்த்த குடும்பங்களையும் கணக்கிடுதல் வேண்டும்.