நாகநதியின் உறைகிணறுகளும் பாலாற்றின் உப்பும்

2021ஆம் ஆண்டு வேலூர் வட்டாரத்தின் ஆறுகளைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் நாகநதியைக் குறிப்பிட்டார். வறண்டு கிடந்த ஆற்றை ஊர்ப் பெண்கள் உழைத்து மீட்டார்கள் என்பது சேதி. நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தது. 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு இவ்வளவு தண்ணீரை ஆறு பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மாதனூருக்கும் குடியாத்தம் பக்கத்து உள்ளிக்கும் இடையிலிருந்த தரைப்பாலம் அந்த வெள்ளத்தில் போயிற்று. இரண்டு செய்தியையும் கேட்டவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஆறு திரும்பிவிட்டது. அந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாகநதியில் செய்ததைப் பாலாற்றுப் படுகை முழுதும் செய்தால் போதும் என்ற பேச்சு வலுத்துவருகிறது.

முதலில் அங்கே நடந்தது என்ன என்று பார்ப்போம். ஜவ்வாது மலையில் பிறந்து, கமண்டல நாகநதி, செய்யாறு வழியாகப் பாலாற்றை அடைகிற சிற்றாறு நாகநதி. மலைச்சரிவில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் ஓடி முடிந்துவிடும். அடியில் இருப்பது கடினப் பாறை. அதன்மேல் சிதைந்த பாறையும் மண்ணும் ஓரளவு ஆழத்துக்கு மட்டும்தான். அந்தச் சிதைவு அடுக்குக்குள் தண்ணீரை இறக்கினால்தான் கோடையில் கிணறு ஊறும். வாழும் கலை அமைப்பைச் சேர்ந்த சந்திரசேகரன் குப்பன் ஒருங்கிணைக்க, நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினார்கள். ஓடைகளின் குறுக்கே கல்லை அடுக்கி நீரின் வேகத்தைத் தணித்தார்கள். ஓடைப் படுகையில் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, நீரை நிலத்துக்குள் செலுத்தும் கிணறுகளை அமைத்தார்கள். வறண்டிருந்த பாசனக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பெரிய அணை தேவையில்லை, நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை, ஊரில் கிடைக்கிற கல்லும் ஊராரின் கூலியுமே போதும். செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி கூலியாக அந்தப் பெண்களின் வீட்டுக்கே போகிறது. எங்கே ஓடை திரும்புகிறது, எங்கே தண்ணீர் தேங்கும் என்பதை அறிந்தவர்கள் அந்தக் காட்டிலும் மேட்டிலும் மாடு மேய்த்தவர்கள்தாம். அவர்களுடைய அறிவுக்கு இங்கே மதிப்புக் கிடைத்தது. மழை ஒரு பருவத்தில் கொட்டி அடுத்த பருவத்தில் ஏமாற்றுகிற இன்றைய காலநிலையில், ஓடிப்போகும் வெள்ளத்தைத் தடுத்து நிலத்துக்குள் சேமிப்பதைவிடச் சிறந்த முதல் வேலை இந்த நிலப்பகுதிக்கு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இதை ‘ஆற்று மீட்பு’ என்று அழைக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. அமெரிக்க நன்னீர்ச் சூழலியலாளர் மார்கரெட் பாமர் கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியைத்தான் துருவிவருகிறார். 2005இல் அவரும் எமிலி பெர்ன்ஹார்ட்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆற்று மீட்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பத்து விழுக்காட்டுத் திட்டங்களுக்குத்தான் மதிப்பீடோ கண்காணிப்போ நடந்ததற்கான பதிவு இருந்தது. மற்றவை வெற்றியா தோல்வியா என்றே யாருக்கும் தெரியாது. அதே ஆண்டு பாமர் குழு, ஒரு மீட்பு வெற்றி என்று சொல்ல ஐந்து அளவுகோல்களை முன்வைத்தது: ஆறு எப்படி ஆக வேண்டும் என்ற தெளிவான கருத்து முன்கூட்டியே இருக்க வேண்டும், ஆற்றின் நிலை அளந்து பார்க்கும்படி மேம்பட வேண்டும், ஆறு தன்னைத்தானே தாங்கிக்கொள்ள வேண்டும், வேலையின்போது நிலையான கேடு விளையக் கூடாது, முன்னும் பின்னும் அளந்து, முடிவை வெளியிட வேண்டும். 2010இல் அவர்கள் இன்னும் கசப்பான ஒன்றைக் கண்டார்கள். ஆற்றுப் படுகையில் கல்லும் வளைவும் அமைத்துத் தோற்றத்தைச் சீராக்கிய 78 திட்டங்களை ஆராய்ந்ததில், நீர்ப்பூச்சி இனங்கள் உறுதியாகப் பெருகியவை இரண்டே இரண்டு. வீடு கட்டினால் குடிவருவார்கள் என்ற நம்பிக்கை ஆற்றில் பலிக்கவில்லை. நீரின் தரமும் மேற்புற நிலப் பயன்பாடும் கெட்டிருக்கும்போது படுகையை மட்டும் திருத்திப் பயனில்லை என்பதுதான் அதிலிருந்து கிடைத்த பாடம்.

இந்த அளவுகோல்களை நாகநதி முறைக்கு வைத்துப் பார்த்தால் குறைகள் துலங்குகின்றன. அங்கே அளக்கப்பட்டது பெரும்பாலும் கிணற்று நீர்மட்டம். கிணற்றில் நீர் ஏறியது குடியானவருக்குப் பெரிய வரம். ஆனால் ஆற்றுக்கு அது பாதிதான். ஆற்றில் எத்தனை மாதம் நீர் ஓடுகிறது, தும்பியின் இளவுயிரி அதில் வாழ்கிறதா, கெண்டையும் கெளுத்தியும் இனம் பெருக்க மேலேறி வர முடிகிறதா என்பவையும் ஆற்றின் கணக்கில் சேர்ந்தவை. இரண்டாவது குறை ‘தன்னைத்தானே தாங்குதல்’ பற்றியது. ஒவ்வொரு வெள்ளத்திலும் வண்டல் வந்து உறைகிணற்றின் துளைகளை அடைக்கும். தூர் வாராவிட்டால் சில பருவங்களில் அது வெறும் சிமெண்ட் வளையம். கட்டுவதற்குக் கூலி ஒதுக்கும் திட்டங்கள் பராமரிப்புக்கு அப்படி ஒதுக்குவதில்லை. மூன்றாவது, எனக்கு மிகுந்த கவலை தருவது: நிலத்தில் இறங்கிய நீரை எடுப்பவர் யார்? இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடும் ஊரில், நீர்மட்டம் ஏறியதும் கரும்பும் வாழையும் நெல்லும் கூடும், இன்னோர் ஆழ்துளைக் கிணறு இறங்கும். சேமித்தது ஆற்றுக்குக் கசிந்து வராது. எவ்வளவு எடுக்கலாம் என்ற ஊர்க் கட்டுப்பாடு இல்லாமல் நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் மட்டும் நடந்தால், மேல் ஊர் செழிக்க, கீழ் ஊருக்கு முன்பு வந்த சிறுவெள்ளமும் குறையும். பாலாற்றின் குறுக்கே உள்ள புல்லூர்த் தடுப்பணையை ஆந்திரம் உயர்த்தியபோது, கீழே இருக்கும் நமக்கு நீர் குறையும் என்று நாம் எழுப்பிய நியாயமான முறையீடு, நம் படுகைக்குள் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இடையிலும் பொருந்தும்.

நாகநதி முறையைப் பாலாற்றுப் படுகைக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்க, இனி பாலாற்றங்கரை மாதனூர்ப் பக்கம் வருவோம். நாகநதியின் நீர் இந்தப் பக்கம் வருவதில்லை; அது வெகுகிழக்கே பாலாற்றைச் சேர்கிறது. ஆனால் ஒடுகத்தூர் வழியாக இறங்கி வரும் உத்திர காவேரி போன்ற ஜவ்வாதுமலை ஓடைகளில் அதே முறை செல்லுபடியாகும். மலையடிவாரத்தில் தோல் ஆலைக் கழிவு இல்லை. சிக்கல் பாலாற்றின் கரையோரச் சமவெளியில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என நீளும் தோல் ஆலைப் பட்டையில் நிலத்தடியில் இருப்பது நீர் மட்டுமன்று. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்ததாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்புகளில் அது முதன்மையானது.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அது பெரும்பாலும் சேற்றிலும் மண்ணிலும் படிந்து நிற்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குன்றிலிருந்து மழையில் கரைந்து இறங்குவதுபோன்ற கொடிய வகையும் உண்டு. ஆனால் அன்றாடப் பயிரைக் கெடுத்தது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பு இடுகிறார்கள். தோல் பதனிடும் ஆலையில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கரிமக் கழிவு சிதையும், குரோமியம் படியும். கரைந்த உப்பு அப்படியே கடந்துபோகும். சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் சேர்த்து, கழிவுநீரை வெளியே விடாத முறை வந்த பின் நீர் மீண்டும் ஆலைக்குத் திரும்புகிறது, உப்பு மூட்டையாகத் தேங்குகிறது. முன்னேற்றம்தான்; சேரும் கலப்பு உப்புக்குப் போக்கிடம் இல்லாதது அதன் பெருங்குறை. தேக்கிவைத்த கழிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டபோது கண்டோம்.

இப்படிப்பட்ட நிலத்தில் உறைகிணறு என்ன செய்யும்? நல்ல வெள்ளம் இறங்கினால் உப்பு நீர்த்துப்போகும். 2021க்குப் பின் பல கிணறுகளில் நீர் தெளிந்ததாகச் சொல்வோரை நம்புகிறேன். ஆனால் நீர்த்துப்போனது நீங்கிவிடவில்லை. அடுத்த வறட்சியில் நீர்மட்டம் இறங்க, உப்பு மறுபடி செறியும். மேலும், மேல்மண் என்பது இயற்கையின் வடிகட்டி. உறைகிணறு அதைத் துளைத்து நேரே நீரைக் கீழே இறக்குகிறது. ஆலைச் சாலைகளின் மழைநீரும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் ஓடையில் அதைத் தோண்டினால், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியக்கூடிய நஞ்சு ஒரே மழையில் இறங்கிவிடும். கரையோரத் தோல் ஆலைப் பட்டையில் நீரைச் சோதிக்காமல் இந்த முறையைப் பரப்பக் கூடாது என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். பாலாற்றுக்குச் செறிவூட்டும் இயற்கை அமைப்பு ஏற்கெனவே இருந்தது: ஆள் உயரத்துக்கும் மேலே கிடந்த மணல். அந்த மணலுக்குள் கோடையிலும் ஓடிய நீரை ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோனார்கள். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, பாறை தெரியும் படுகையில் உறை இறக்குவது ஈடாகாது.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் அமர்ந்த அமர்வில், வேலூர்த் தோல் ஆலை மாசு விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கொடுத்ததோடு ஆலைகளின் பொறுப்பு தீராது, கெட்ட சூழல் மீளும்வரை அது தொடரும் என்பது அதன் சாரம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. பாமரின் ஐந்து அளவுகோல்கள் அந்தக் குழுவின் மேசைக்கு வர வேண்டும். மாதனூர், ஆம்பூர், பள்ளிகொண்டா எனக் கரையோர ஊர்தோறும் சில கிணறுகளைத் தேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் உப்பு, குரோமியம், நீர்மட்டம் மூன்றையும் அளக்கலாம். ஆறு ஓடும் நாட்களில் நீர்ப்பூச்சிகளை எண்ணலாம், கல்லூரி மாணவர்களுக்கே இதைப் பழக்கிவிடலாம். கண்டதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். நாகநதிப் பெண்களுக்குக் கல் அடுக்கக் கொடுத்த கூலியை, தூர் வாரவும் அளவெடுக்கவும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு பத்துப் பருவங்களுக்குச் சேர்ந்த பிறகு, எந்த ஓடையில் உறைகிணறு தோண்டலாம், எதில் கூடாது என்பதை மாதனூர்க் கிராம சபையே முடிவுசெய்யலாம்.