அடைக்கப்பட்ட கதவு: பாஸ்ரன் குடும்பக் கடிதங்கள் பற்றி

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் வாழ்ந்த பாஸ்ரன் குடும்பத்தாரின் கடிதங்கள் 1787இல் முதன்முதலாக அச்சேறின. அவற்றைப் பயில்வோர் பெரிதும் வியப்பது, 1448இல் மார்கரெட் பாஸ்ரன் தன் கணவனுக்கு எழுதுவித்த கடிதமொன்றையாகும். நிலத்தகராறில் எதிரியின் ஆட்கள் அண்மையிலே காத்திருக்க, குறுக்குவில்லும் போர்க்கோடரியும் வேண்டுமென்று கேட்கும் அவள், அதே கடிதத்தில் ஓர் இறாத்தல் பாதாம் பருப்பும் ஓர் இறாத்தல் சீனியும் பிள்ளையின் அங்கிக்குத் துணியும் கேட்கிறாள்.

வியப்பு நியாயமானதே. எனினும் அத்துடன் அமைந்துவிட்டால், இக்கடிதங்கள் இல்லறத்தின் இனிய சித்திரமாகிவிடும். நிலமானியச் சமுதாயத்திலே குடும்பமென்பது சொத்தைக் காக்கும் அமைப்பாகவும் இருந்தது. 1450 ஜனவரியில் எதிரியின் ஆட்கள் சுவரைக் குடைந்து மார்கரெட்டைத் தன் வீட்டிலிருந்தே வெளியேற்றினர். பின்னர் 1455இல் மூண்ட உறோசாப்பூப் போர்கள் இத்தகைய அடாவடித்தனத்துக்கு மேலும் இடமளித்தன.

1469 செப்ரெம்பர் மாதத்துக் கடிதங்கள் இரண்டை அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்றிலே, நோர்போக் கோமகனின் முற்றுகைக்குள் அகப்பட்ட கெய்ஸ்ரர் கோட்டையில் வெடிமருந்தும் அம்பும் அருகிவிட்டன என்று மூத்த மகனைத் தாய் கடிந்து கொள்கிறாள். கோட்டையைக் காத்து நின்றவன் அவளது இளைய மகன். மற்றதிலே, தன் மகள் மார்ஜரியை வீட்டிற் சேர்க்கலாகாதெனத் தான் கட்டளையிட்டதை அறிவிக்கிறாள். மார்ஜரி செய்த குற்றம், குடும்பத்தின் காரியஸ்தனான றிச்சர்ட் கோலை மணந்தமை. மேற்றிராணியார் விசாரித்தபோது, தான் சொன்ன வாக்கு போதாதெனில் அவ்விடத்திலேயே அதை இன்னும் உறுதியாக்கிவிட்டுப் போவதாகக் கூறினாளாம் அப்பெண்.

கோல், பிராம்லிங்ஹாம் என்னும் சிறுநகரத்துக் கடைக்காரக் குடும்பத்தவன். தங்கை அங்கே மெழுகுதிரியும் கடுகும் விற்கத் தான் ஒருபோதும் இசையப்போவதில்லை என்கிறான், கோட்டையைக் காத்த அதே தமையன். இவர்களின் பூட்டன் ஏர்பிடித்த உழவன் என்கிறது பழைய குறிப்பொன்று. (அதை எழுதியோர் பகைவர், ஆதலால் சற்று ரசித்தே எழுதியிருக்கிறார்கள்.)

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மார்கரெட் தன் கடிதங்களைத் தானே எழுதவில்லை. அவள் சொல்லப் பிறர் எழுதினர். அவர்களுள் கோலும் ஒருவன். அவள் குரலென நாம் பாராட்டும் உரைநடையின் ஒரு பகுதி அவன் கையால் தாளேறியது. வீட்டு இரகசியங்களை எழுத அவன் வேண்டும். மருமகனாக மட்டும் ஆகான். திருமணத்தின் பின்னரும் அவனுடைய சேவையைக் குடும்பம் முற்றாக இழக்க விரும்பவில்லை.

மார்ஜரிக்கு அவன் எழுதிய கடிதமொன்று எஞ்சியுள்ளது. வாசித்ததும் எரித்துவிடும்படி அதிலே கேட்டிருந்தான். எரியாத அக்கடிதம் பாஸ்ரன் குடும்பத்தின் கட்டிலேயே கிடந்திருக்கிறது. அது அவள் கைக்குச் சேர்ந்ததா, இடையிலே பறிக்கப்பட்டதா? அவள் அவனுக்கு எழுதிய மறுமொழி எதுவும் நமக்குக் கிட்டவில்லை.

1482இல் எழுதுவித்த மரணசாசனத்தில், மார்ஜரியின் மூத்த மகனுக்கு மார்கரெட் 20 பவுண் ஒதுக்கினாள். அவன் 24 வயதை அடையும்போதே அது கொடுபடவேண்டும் என்பது நிபந்தனை.